கோலியின் அக்டோபர்: 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பை நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2017, வியாழன்

நாளை தொடங்குகிறது. ஃபிஃபா நடத்தும் ஓர் உலகக் கோப்பையில் இந்தியா ஆடுவது இதுதான் முதல் தடவை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம்தான். ஆனாலும் இந்த 21 பையன்கள் வருடக்கணக்காக வீட்டை விட்டு முகாமில் கிடந்து பழகியவர்கள். எட்டுப் பேர் மணிப்பூர்காரர்கள்.

இந்த மூன்று வாரமும் நான் முக்கியமாகக் கோல்கீப்பர்களைத்தான், எங்கள் பேச்சில் ‘கோலி’களைத்தான், கவனிக்கப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. கோவையில் சனி, ஞாயிறு காலைகளில் நான் பழக்கும் பையன்கள் போன மாதம் ஒரு மேட்ச்சில் ஏழு கோல் வாங்கினார்கள். எங்கள் கோலிக்கு 12 வயது. அன்றிலிருந்து அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. நான் அவனைத் திட்டவில்லை. ஆனால் தேற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது.

அக்டோபர் 6, வெள்ளி

டெல்லியில் அமெரிக்கா 3, இந்தியா 0.

நம் கோலி தீரஜ் சிங் இல்லையென்றால் இன்னும் மோசமாகியிருக்கும். முதல் கோல் பெனால்டி, ஜாஷ் சார்ஜென்ட் அடித்தது. இரண்டாவது கார்னருக்குப் பிறகு வந்த ஷாட். மூன்றாவதுதான் மனதை விட்டுப் போகவில்லை. அன்வர் அலி அடித்த பந்து அமெரிக்காவின் மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஸ்டேடியமே எழுந்து நின்று தலையில் கை வைத்தது. அந்தக் கை கீழே இறங்குவதற்குள் பந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லாரும் மேலே ஏறியிருந்தார்கள். ஆண்ட்ரூ கார்ல்டன் தனியாக ஓடி வர, எதிரில் தீரஜ் மட்டும். அந்தக் கோலைக் கோலி கணக்கில் எழுதவே கூடாது. ஆனால் ஸ்கோர் போர்டு அப்படிப் பிரித்துக் காட்டாது.

அக்டோபர் 7, சனி

காலை ரயிலில் கொச்சி. ஸ்டேடியம் வாசல் வரை மெட்ரோ வந்து நாலு நாள்தான் ஆகிறதாம். பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை. பிரேசில் மேல் மலையாளிகளுக்கு இருக்கும் பாசத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். அப்பாக்கள், பிள்ளைகள், பாட்டிகள்கூட.

பிரேசில் 2, ஸ்பெயின் 1. ஐந்தாவது நிமிடத்தில் பிரேசில் ஆள் மேலேயே பட்டுப் பந்து வலைக்குள் போனது. பாதி நேரத்துக்குள் லிங்கனும் பவுலின்யோவும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வினிசியஸ் ஜூனியரை அவருடைய கிளப் அனுப்பவில்லை என்ற வருத்தம் ஆட்டம் முடியும்போது யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் பார்க்க விரும்பியது ஆட்டத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தை. கோலிகள் மற்றவர்களுக்கு முன்பே களத்துக்கு வருவார்கள். முதலில் கைக்கு வரும் பந்து, அப்புறம் தரையோடு வரும் பந்து, அப்புறம் பக்கவாட்டில் விழுந்து எழுவது. பிரேசிலின் கப்ரியேல் பிரசாவோ ஒவ்வொரு முறை பந்தைப் பிடித்ததும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நொடி நிற்கிறான். நான் என் பையனுக்கு இதில் எதையுமே சொல்லித் தந்ததில்லை. ‘நீ கோலுக்குப் போ’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வளர்ந்தவர்கள் ஆடும் 24 அடி அகல, 8 அடி உயரக் கோலில் நாலரை அடிப் பையனை நிறுத்தியிருக்கிறேன்.

அக்டோபர் 9, திங்கள்

மணி பதினொன்று தாண்டிவிட்டது, தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

கொலம்பியா 2, இந்தியா 1.

முதல் பாதி முடியும் நேரத்தில் திருச்சூர்ப் பையன் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. இடைவேளை முடிந்து நாலு நிமிடத்தில் பெனலோசா ஒரு கோல் போட்டான். அதற்குப் பிறகும் நம் பையன்கள் உடைந்து போகவில்லை. தீரஜ் விழுந்து விழுந்து தடுத்துக்கொண்டே இருந்தான்.

82-வது நிமிடம். கார்னர். சஞ்சீவ் ஸ்டாலின் வளைத்துத் தூக்கிப் போட்டதும் கூட்டத்துக்கு மேலே ஒரு தலை எழும்பியது. ஜீக்சன் சிங். தலையால் முட்டினான், பந்து உள்ளே. உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல். நான் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. கண் கலங்கிவிட்டது, அதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

ஆனால் அடுத்த நிமிடமே, 83-வது நிமிடத்தில், பெனலோசா மறுபடியும்.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோல் போட்டவுடனே கோல் வாங்குவது பெரியவர்களுக்கும் நடக்கும். எல்லாரும் இன்னும் கட்டிப்பிடித்த சந்தோஷத்திலேயே இருப்பார்கள், கால் களத்தில் இருக்கும், மனம் இருக்காது. கட்டிப்பிடிக்கப் போக முடியாதவன் ஒருவன்தான், அறுபது எழுபது கெஜம் தள்ளி நிற்கும் கோலி. அவன் தனியாகக் கையைத் தூக்கிக் குதித்துவிட்டுத் திரும்பி நிற்க வேண்டும். அப்போது ‘பின்னால வாங்க, ஆளப் பிடிங்க’ என்று கத்தும் உரிமை அவனுக்கு மட்டும்தான் உண்டு. பதினேழு வயதில், ஊரே கூச்சலிடும்போது, அந்தக் குரல் பத்தடி தாண்டிக் கேட்குமா?

அக்டோபர் 10, செவ்வாய்

கோவாவில் ஈரான் 4, ஜெர்மனி 0. மறுபடி ஒருமுறை ஸ்கோரைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 12, வியாழன்

கானா 4, இந்தியா 0. வெளியேறிவிட்டோம்.

கானா ஆட்கள் வேகத்திலும் உடல் வலுவிலும் ஒரு படி மேலே இருந்தார்கள். இடைவேளைக்கு இரண்டு நிமிடம் வரை தாக்குப்பிடித்தோம். தீரஜ் ஒரு ஷாட்டைத் தட்டினான், தட்டிய பந்து நேராக அயாவின் காலுக்குப் போனது. கோல்கீப்பிங்கில் மிகக் கொடுமையான இடம் இது. முதல் பந்தைத் தடுத்தவனுக்கு இரண்டாவது பந்துக்கு எழுந்திருக்க நேரம் இல்லை. அதை டிஃபெண்டர்தான் துடைத்துப் போட வேண்டும். கடைசி இரண்டு கோலும் 86, 87-வது நிமிடங்களில். அதற்குள் கால்கள் ஓய்ந்துவிட்டன.

மூன்று ஆட்டம், ஒன்பது கோல். ஆனாலும் என்னைக் கேட்டால் நம் அணியில் முதல் ஆள் தீரஜ்தான். ஒன்பது கோல் வாங்கியவனை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். வாங்காத கோல்களை எண்ணிப் பாருங்கள் என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

பயிற்சி முடிந்ததும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாதான் கதவைத் திறந்தார்.

“வாங்க தம்பி, உள்ளதான் இருக்கான். கூப்பிட்டா வர மாட்டேங்கறான்.”

கொஞ்ச நேரம் கழித்து வந்தான். மேட்ச் பார்த்தாயா என்றேன். தலையாட்டினான். “தீரஜ் அண்ணன் நாலு வாங்கினதும் அழுதாருங்களாண்ணா?” என்றான். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அப்புறம் அன்று வாங்கிய ஏழில் நாலு என் தப்பு என்றேன். டிஃபெண்டர்களை மேலே ஏறச் சொன்னது நான். அவன் எதுவும் சொல்லவில்லை. அவன் அம்மா டீ கொண்டுவந்தார்.

அக்டோபர் 17, செவ்வாய்

நாளை தீபாவளி, வீட்டில் ஆயிரம் வேலை. ஆனால் இதை எழுதியே ஆக வேண்டும். கொல்கத்தாவில் இங்கிலாந்தும் ஜப்பானும் 0-0. இந்த வயதுப் போட்டியில் கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டிதான். இங்கிலாந்தின் கோலி கர்டிஸ் ஆண்டர்சன் ஒரு பெனால்டியைத் தடுத்தான், தானே ஒன்றை அடித்து உள்ளேயும் போட்டான்! 5-3. கோலி ஒருவனைச் சுற்றி மொத்த அணியும் ஓடி வந்து விழுவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

அக்டோபர் 22, ஞாயிறு

மறுபடி கொச்சி. இந்தத் தடவை ஐந்து பையன்களோடு. அவனும் வந்தான். அவன் அம்மாவிடம் இரண்டு முறை போனில் பேசி, ராத்திரி எத்தனை மணியானாலும் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு.

காலிறுதி: ஸ்பெயின் 3, ஈரான் 1. ஜெர்மனிக்கு நாலு போட்ட ஈரானை ஸ்பெயின் பந்தையே தொட விடவில்லை. ஏபெல் ரூயிஸ், செர்கியோ கோமஸ், ஃபெரான் டோரஸ். மற்ற நாலு பேரும் கோமஸின் இடது காலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். இவன் மட்டும் ஸ்பெயின் கோலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதும் அந்தப் பையன் ஓரிடத்தில் நிற்கவில்லை. பந்து நகர நகர அவனும் முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தான். நான் சொல்லாமல் இவனே கவனித்தது அது.

பாலக்காடு தாண்டும்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

அக்டோபர் 25, புதன்

மழையில் குவஹாத்தி மைதானம் கெட்டுப்போனதால் ஓர் அரையிறுதியைக் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். இங்கிலாந்து 3, பிரேசில் 1, மூன்றும் ரியான் ப்ரூஸ்டர். மற்றதில் ஸ்பெயின் 3, மாலி 1. மாலி அடித்த ஒரு பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. நடுவர் கோல் தரவில்லை. உலகக் கோப்பை என்று பெயர் வைத்துவிட்டு, அந்தக் கோட்டைக் கவனிக்க ஒரு கருவி வைக்காதது பெரிய தவறு. அந்தப் பையன்கள் இன்னொரு தடவை 17 வயதில் ஆட முடியாது.

அக்டோபர் 28, சனி

காலை பயிற்சியில் இரண்டு கழிகளை நட்டுக் கோலின் அகலத்தைக் குறைத்தேன். உயரத்துக்குக் குறுக்கே கயிறு. அவன் வந்தான், கையுறையோடு.

இரவு எல்லாரும் என் வீட்டில், இறுதிப் போட்டி. கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 66,684 பேர். கோமஸ் இரண்டு கோல் போட்டு 31 நிமிடத்தில் ஸ்பெயின் 2-0. மே மாதம் ஐரோப்பிய இறுதியிலும் இதே ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்ற இங்கிலாந்து, இடைவேளைக்கு முன் ப்ரூஸ்டர் தலையால் போட்ட ஒன்றோடு திரும்பி வந்தது. அப்புறம் கிப்ஸ்-வைட், ஃபில் ஃபோடன், மார்க் குவேஹி, மறுபடி ஃபோடன். 5-2. இடப்பக்கம் ஹட்சன்-ஒடோய் ஓடும் போதெல்லாம் ஸ்பெயின் பின்வரிசை கிழிந்துகொண்டே இருந்தது.

போட்டி முழுக்க 183 கோல், பதின்மூன்று லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள், இரண்டும் இந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை இல்லாத அளவு. சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து ஃபோடனுக்கு. எட்டுக் கோலுக்குத் தங்கக் காலணி ப்ரூஸ்டருக்கு. சிறந்த கோலிக்கான தங்கக் கையுறை, அரையிறுதியில் மூன்று வாங்கிய பிரசாவோவுக்கு. அதைக் கேட்டதும் எங்கள் கோலி என் முகத்தைப் பார்த்தான்.

மேடையில் கோப்பையைத் தூக்கினார்கள், காகிதத் துணுக்குகள் பறந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் கிளம்பச் செருப்பு மாட்டத் தொடங்கினார்கள். இவன் நகரவில்லை.

“ஸ்பெயின் கோலியக் காட்டவே மாட்டேங்கறாங்களேண்ணா” என்றான்.

கேமரா திரும்பும் என்று இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.