அம்மா பெயரில் ஒரு நூலக அட்டை

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் கீழ் வசூலிக்கிற வரி அது. நம் அப்பா அம்மாக்கள் எத்தனையோ வருஷமாகக் கட்டி வருகிறார்கள். ஆனால் பகல் நீண்டு கிடக்கிற வயதான காலத்தில் அவர்களில் எத்தனை பேர் நூலகத்துக்குப் போகிறார்கள்? போகிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான், அதுவும் பேப்பர் படிக்க.

அதைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கதவு திறக்கும் முன்பே ஓய்வு பெற்றவர்கள் சிலர் படியில் உட்கார்ந்திருப்பார்கள். தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் சேர்ந்தாற்போல வரவில்லை என்றால் இன்னொருவர் போன் போட்டு விசாரிப்பார். வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு இது எவ்வளவு பெரிய துணை!

எனக்குக் கவலை, படியேறி வர முடியாதவர்களைப் பற்றித்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, நூலகமோ மாடியில். அதனால் அம்மா பெயரில் அட்டை போட்டு நான் எடுத்து வருகிறேன். அம்மாவுக்குப் பிடித்த சரித்திர நாவல்கள் எல்லாம் தலையணை கனம், சாய்ந்துகொண்டு படித்தால் மணிக்கட்டு விட்டுப்போகிறது. மலிவுப் பதிப்பு என்றால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், தாளும் பழுப்பு. இப்போதெல்லாம் தலைப்பைப் பார்க்கும் முன் நடுப்பக்கத்தைப் பிரித்து எழுத்தின் அளவைத்தான் பார்க்கிறேன், பாகம் பாகமாக வந்த பதிப்பு இருந்தால் அதைத்தான் எடுக்கிறேன்.

எடுத்து வர ஆளில்லாத வீடுகளுக்காகத் தமிழக அரசின் நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்கள் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற ஏற்பாடு. 1931லேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள், அந்த வழியில் வந்ததுதான் இதுவும். உங்கள் நூலகத்தில் இது நடக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். தெருவுக்கு ஒரு கல்லூரிப் பிள்ளை முன்வந்தால் போதும்.

அப்புறம், டேப்லெட். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அபூர்வமான பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த பக்கங்கள். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும், விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும், கை நடுங்குகிறவர்களுக்கு அது ஒத்து வராது. அவர்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலிருந்து இபப் (EPUB) என்கிற மின்னூல் கோப்பாக இறக்கிக் கொடுங்கள். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடங்கிக்கொள்ளும். நாட்டுடைமையாக்கப்பட்ட நாவல்கள் நிறைய அங்கே உண்டு.

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் லிஃப்ட் இருக்கிறது, பிரெய்லி பிரிவு இருக்கிறது, சக்கர நாற்காலியிலேயே உள்ளே போய்வரலாம். சந்தோஷம். ஆனால் எண்பது வயதுக்காரர் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது அவர் தெருக்கோடிக் கிளை நூலகம்தான். அங்கே நான் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள். ஊன்றி எழுந்திருக்கக் கைப்பிடி வைத்த நாற்காலி, பேப்பர் மேசையில் ஒரு பூதக்கண்ணாடி, பூட்டு போடாத கழிப்பறை. பெரிய எழுத்துப் புத்தகங்களைக் குனியவும் எக்கவும் தேவையில்லாத நடுத்தட்டில் வைத்தால் இன்னும் நல்லது, அதற்குச் செலவே இல்லை. இதையெல்லாம் எங்கள் வாசகர் வட்டத்தின், அதாவது நூலகத்துக்குத் துணையாக வாசகர்கள் சேர்ந்திருக்கும் குழுவின், அடுத்த கூட்டத்தில் எழுதியே கொடுக்கப்போகிறேன். உங்கள் ஊரிலும் வாசகர் வட்டம் இருக்கும், கேளுங்கள். முதலில் வீட்டுப் பெரியவர் பெயரில் ஓர் அட்டை போட்டுவிடுங்கள், பெரிய செலவு ஆகாது. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள்.