மொட்டை மாடியில் ஓசோன் தாள்: இதுவரை

மேலே ஸ்ட்ராடோஸ்பியரில் இருக்கும் ஓசோனை அளக்க டாப்சன் கருவி வேண்டும், அது நம் கைக்கு எட்டாது. தரையோரம் நாம் மூச்சில் இழுக்கிற ஓசோனுக்கு, அது பட்டால் நிறம் மாறுகிற ஷோன்பைன் தாள் போதும். 1840 வாக்கில் ஓசோனுக்குப் பெயர் வைத்த வேதியியலாளர் அதே ஷோன்பைன் கண்டுபிடித்த முறைதான்.

100 மில்லி பேட்டரி தண்ணீரில் 5 கிராம் கார்ன்ஃப்ளவரைக் கரைத்து, கஞ்சி மாதிரி கண்ணாடிப் பதம் வரும்வரை கிண்டி, இறக்கி, 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு போட்டுக் கலக்கி, ஆறியதும் வடிதாளில் இருபுறமும் பிரஷ்ஷால் தடவி இருட்டில் காயவைத்தேன். அயோடின் உப்பு ஆகாதா என்றால், ஆகாது. நம் ஊர் உப்பில் சேர்ப்பது அயோடேட், அதுவும் துளியூண்டு. ஓசோன் பட்டால் அயோடைடிலிருந்து அயோடின் பிரியும், அது மாவுச்சத்தோடு சேர்ந்து நீலமாகும், அவ்வளவுதான் விஷயம்.

தாளை நிழலில்தான் தொங்கவிட வேண்டும், வெயிலே அயோடைடைக் கெடுத்துவிடும். மாலையில் எடுத்துத் தண்ணீர் தெளித்தால் வெளிறிய பழுப்பாக இருந்த தாள் கண்ணெதிரே ஊதாவாக மாறுகிறது, ஓரங்களில் முதலில், நடுவில் திட்டுத்திட்டாக. ராத்திரி தொங்கவிட்டது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்துதானே ஓசோன் உண்டாகிறது, ராத்திரி ஏது வெயில்?

எனக்குப் பிடித்தது இதுதான்: மெயின் ரோட்டோரம் கட்டிய தாளைவிட, தள்ளியிருக்கும் மாடித் தாள்தான் அதிகம் கறுத்தது. புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே ஓசோனைத் தின்று நைட்ரஜன் டை ஆக்சைடாகிவிடுகிறது. அந்த டை ஆக்சைடும் தாளைக் கொஞ்சம் நிறம் மாற்றும் என்பதால், உண்மையான வித்தியாசம் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம்.

இதை வைத்து இத்தனை மைக்ரோகிராம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். இந்தியாவில் 8 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதோடு இந்தத் தாளை ஒப்பிட முடியாது, ஏனென்றால் ஈரப்பதம் ஏறினால் அதே ஓசோனுக்கே நிறம் அடர்த்தியாகிறது. ஒரே நாளில் இரண்டு இடங்களை ஒப்பிடலாம், வெயில் காலத்தையும் மழைக் காலத்தையும் ஒப்பிடக் கூடாது. அதனால் ஈரப்பதத்தையும் அளக்க அடுத்து இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றித் தாளுக்குப் பக்கத்திலேயே மாட்டப் போகிறேன், அப்புறம் ஜெராக்ஸ் மெஷினும் ஓசோன் விடும் என்பதால் ஜெராக்ஸ் கடையிலும் ஒரு தாள் தொங்கவிடக் கேட்டிருக்கிறேன்.