கண் திறக்காத கூஸ் குஞ்சுகள்
கன்னியாகுமரி மாவட்டம் தேரூர்ப் பக்கம் எங்கள் விளையில் (தோட்டத்தில்) 14 கூஸ் வாத்துக் குஞ்சுகள் நின்றன, ஒரு மாத வயசு. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் பக்கத்து வயலில் மேய்ச்சல் தாரா, அதாவது வாத்துக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. அந்த வயலில் வடிகிற தண்ணீர்தான் எங்கள் குட்டைக்கும் வரும். அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் இரண்டு குஞ்சுகள் இருட்டு மூலையில் ஒதுங்கி நின்றன. வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கிக்கொண்டன. தீவனம் வேண்டாம், தண்ணீர் மட்டும் விடாமல் குடித்தன. பின்புறமெல்லாம் பச்சைக் கழிச்சல். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "மக்ளே, இது சூடு இல்ல. டாக்டர்ட்ட கொண்டு போ" என்றார். ஒரு நாள் பார்க்கலாம் என்று விட்டேன். மறுநாள் இரண்டும் செத்துக் கிடந்தன, இன்னும் மூன்று எழும்ப முடியாமல் கிடந்தன.

செத்ததில் ஒன்றை ஐஸ் வைத்துக் கட்டிக் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனேன். அறுத்ததும் என்னையும் பார்க்கச் சொன்னார். தீனிக்குழாயின் உள்பக்கம் மஞ்சள் பொருக்கு. இதயத்தில் ரத்தப் புள்ளிகள், ஈரலில் புள்ளி புள்ளியாகத் திட்டு. "தாரா பிளேக், ஹெர்பிஸ் வகை வைரஸ். தாரா, கூஸ் எல்லாத்துக்கும் வரும். ரத்தக் குழாயின் உள்சுவரையே அரித்துவிடும்" என்றார். ஈரல் துண்டு, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்குப் போனது. முடிவும் அதுதான்.

அப்புறம் அவர் காட்டிய ஓர் இடம்தான் எனக்கு மறக்காது. கழுத்தின் இருபுறமும் தைமஸ் என்ற உறுப்பு மணிமணியாக இருக்கும். குதத்துக்கு மேலே பர்சா என்று ஒரு பை உண்டு. குஞ்சின் எதிர்ப்பு அணுக்கள் வளர்கிற இடங்கள் இவை. இரண்டிலும் ரத்தம் கசிந்திருந்தது. போராட வேண்டிய படையை அது பயிற்சி எடுக்கும் இடத்திலேயே வைரஸ் அழித்துவிடுகிறது. அதனால்தான் சாதாரண பாக்டீரியாகூடப் பின்னாலேயே நுழைந்து ஆளை முடிக்கிறது.

பட்டினி இன்னொரு அடி. குஞ்சுக்கு ஈரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு கொஞ்சம்தான். தின்னாமல் கிடந்தால் அது சீக்கிரம் தீர்ந்து, உடம்பு தன் சதையையே கரைக்கத் தொடங்கும். அந்தக் கழிவு யூரிக் அமிலமாகச் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். கழிச்சலிலோ தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. சீனாவில் கூஸ் குஞ்சுகளைத் தாக்கும் ஆஸ்ட்ரோ வைரஸ் சிறுநீரகத்தையே கெடுப்பதால், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படியும் என்றும் டாக்டர் சொன்னார். எங்கள் குஞ்சில் அப்படி இல்லை.

வைரஸுக்கு மருந்து கிடையாது. அதனால் நோய்ப்பட்டவற்றைத் தனியே வைத்தேன். பல்பு போட்டுச் சூடு கொடுத்தேன், உடம்பு குளிருக்கும் சேர்த்துச் செலவழிக்கக் கூடாது அல்லவா. உப்புச் சத்துகள் கலந்த எலக்ட்ரோலைட் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன், ராத்திரியும் எழுந்து. பாக்டீரியாவுக்கான மருந்தை டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுத்தேன். குட்டையை வடித்துச் சுண்ணாம்பு போட்டேன். செத்தவற்றை ஆழமாகப் புதைத்தேன். நோய் தொடாத அக்கா வீட்டுத் தாராக்களுக்கு உடனே தடுப்பூசி போட்டோம்.

ஒன்பது குஞ்சுகள் போயின. நோய் கண்டு பிழைத்தவை இரண்டு, நோயே காணாதவை மூன்று. நான்காம் நாள் பிழைத்ததில் ஒன்று தானாகத் தவிட்டைக் கொத்தியபோது நான் அழுதுவிட்டேன்.

பிழைத்தாலும் வைரஸ் உடம்பில் ஒளிந்திருந்து இடையிடையே வெளியேறும். தேரூர்க் குளத்துக்கு எவ்வளவு பறவைகள் வருகின்றன! ஐந்து கூஸும் இப்போது வலைக்குள்தான், சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில். போன வாரம் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.