பஃபே ஸ்பூனும் கரண்டிக் காம்பும்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கிய பிறகு, கப்பலேறப் போகிறவர்கள் கேட்பதில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். சைவத்துக்குத் தனி கவுன்ட்டர் உண்டா என்பது முதல் கேள்வி. அடுத்தது ஸ்பூன். "எல்லாரும் கைவிட்டுத் துழாவுகிற டப்பாவிலிருந்து எடுத்து வாயில் வைக்கணுமா?"

கேட்பது நியாயம்தான். ஆனாலும் பஃபே வரிசையில் பயப்பட வேண்டிய சாமான்களை வரிசைப்படுத்தினால் அந்த ஸ்பூன் கடைசிப் பக்கம்தான் வரும். பத்தடி தள்ளி சாம்பாரில் சாய்ந்து கிடக்கிறதே கரண்டி, அதன் காம்புதான் முதலில் வரும்.

நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தது எச்சில். வாய் பட்டது எச்சில், சாப்பிட்ட கை எச்சில், அந்தக் கையால் பாத்திரத்தைத் தொட்டால் திட்டு விழும். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று, பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் கை. கப்பல்களில் கூட்டமாக வாந்தி பேதியைக் கிளப்புகிற நோரோவைரஸ் பெரும்பாலும் அந்தக் கையில்தான் ஊர் சுற்றுகிறது. கழிவறை போய்வந்து சரியாகக் கழுவாத கை, லிஃப்ட் பட்டன், மாடிப்படிக் கைப்பிடி, கரண்டிக் காம்பு, அடுத்தவர் கை, அடுத்தவர் வாய். நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே போதும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆட்டம் தொடங்கிவிடும். உடம்பு தேறி எழுந்து நடமாடுகிறவரின் மலத்திலும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். "இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு பஃபேக்கு வருகிறவரும் பரப்பக்கூடியவர்தான்.

வாசலில் நின்று சானிடைசர் அடிப்பார்களே என்றால், அதில் ஒரு சிக்கல். ஆல்கஹால் வேலை செய்வது பெரும்பாலும் கிருமியின் கொழுப்பு உறையின் மேல். கொரோனாவுக்கு அந்த உறை உண்டு, நோரோவுக்குக் கிடையாது. கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் நம்பிக்கையை இங்கே கொண்டுவந்தால் ஏமாந்து போவோம். சோப்புப் போட்டு, விரலிடுக்கு நகக்கண் எல்லாம் தேய்த்து, 20 வினாடி ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் வழி. சோப்பு இந்த வைரஸைக் கொல்வதைவிட, தோலிலிருந்து பெயர்த்து வடிகாலுக்கு அனுப்புகிறது என்று சொல்வதே சரி. புதிய கப்பல்கள் சிலவற்றில் பஃபே வாசலிலேயே கைகழுவும் தொட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். நம் கல்யாண மண்டபங்களில் அது எப்போதும் உண்டு. ஆனால் சாப்பிட்ட பிறகுதான் அங்கே கூட்டம்!

சரி, ஸ்பூனுக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது, டப்பாவில் எந்த முனை மேலே இருக்கிறது என்பது. காம்பு மேலே இருந்தால் எடுக்கிற கை காம்பைத்தான் தொடும். குழி மேலே இருந்தால், முன்னால் வந்த ஒவ்வொருவர் விரலும் வாய் படும் இடத்தைத் தடவிவிட்டுத்தான் போயிருக்கும். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை 1970-களிலிருந்து சோதித்துவரும் சி.டி.சி.யின், அதாவது அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு மையத்தின், திட்டம் ஒன்று இருக்கிறது. 100 மதிப்பெண்ணுக்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி. சுற்றிவைக்காத ஸ்பூன், முள்கரண்டி, கத்தி எதுவானாலும் காம்பை மட்டுமே தொடும்படி வைக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. நம் கரையோடு சுற்றும் கப்பலுக்கு அந்தச் சோதனை கிடையாது என்றாலும், நாமே பார்த்து எடைபோட நல்ல அளவுகோல்.

கழுவுமிடத்தில் இது எப்படி நடக்கிறது என்பதில்தான் சூட்சுமம். இயந்திரத்தில் கழுவும்போது குழி மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பீய்ச்சு நேராகப் படும். பரிமாறும் இடத்திலோ காம்பு மேலே. இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒவ்வொன்றாகத் திருப்பினால் கழுவியது வீண். அதனால் ஓட்டை போட்ட உருளை டப்பாவில், குழி மேலாக ஸ்பூன்களை நிறுத்திக் கழுவுவார்கள். வெளியே வந்ததும் காலி உருளை ஒன்றை மேலே கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே புரட்டு. அவ்வளவுதான், காம்பு மேலே வந்துவிட்டது. குழியை ஒரு விரலும் தொடவில்லை. தோசையைத் திருப்புகிற வேகத்தில் நடந்துவிடும்.

இங்கே கெடுவது பெரும்பாலும் உருளையை அடைத்துத் திணிப்பதால். ஒரே வகை ஸ்பூனாகப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று படிந்துகொள்ளும்; நடுவில் மாட்டிய சோற்றுப் பருக்கை மூன்று தடவை கழுவினாலும் போகாது. ஸ்பூனையும் முள்கரண்டியையும் கலந்து, தளர்வாக நிறுத்த வேண்டும். முன்னதாகச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போடுவது கட்டாயம். சோற்றுக் கஞ்சியும் முட்டையும் காய்ந்து ஒட்டிய பிறகு இயந்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. கடைசி அலசல் தண்ணீர் 82 டிகிரி செல்சியஸ், ஸ்பூனின் மேற்பரப்பு குறைந்தது 71 டிகிரி தொட வேண்டும். இதற்கென்று சூடு பட்டால் நிறம் மாறும் ஒட்டுத்தாள் விற்கிறார்கள். ஒரு ஸ்பூனில் ஒட்டி உள்ளே அனுப்பினால் மீட்டர் பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும்.

அந்தச் சூட்டில் வெளியே வரும் எஃகு தானாகவே உலர்ந்துவிடும். துண்டால் துடைக்கவே கூடாது. பத்து ஸ்பூன் துடைத்த துண்டு பதினோராவது ஸ்பூனுக்கு என்ன கொடுக்கும் என்று யோசித்தால் போதும். நம் ஊரில் துண்டு வேறு தோளிலேயே கிடக்கும்.

சென்னை ஓட்டல்களில் பழகிய காட்சி இன்னொன்று: கவுன்ட்டர் ஓரத்தில் எவர்சில்வர் பாத்திரம், அதில் வெந்நீர், வெந்நீரில் ஸ்பூன்கள். ஏற்பாடு நல்லதுதான், வெந்நீர் வெந்நீராக இருக்கும்வரை. ஸ்பூனை 77 டிகிரித் தண்ணீரில் 30 வினாடி முழுசாக முக்கினால் கிருமி நீக்கத்துக்குப் போதும். அதிலேயே போட்டு வைத்திருப்பதானால் 57 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. காலை ஏழு மணிக்கு ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு வெதுவெதுப்பாக, மேலே எண்ணெய்ப் படலமும் ஒரு கறிவேப்பிலையும் மிதக்க நிற்கிறதென்றால், அது கிருமி வளர்க்கும் தொட்டி. விரலை விட்டுப் பார்த்துச் சூடு பொறுக்க முடிகிறதென்றால் அந்த ஸ்பூனை எடுக்காதீர்கள். கையால் சாப்பிடுங்கள், உத்தமம்.

மண்டபத்தில் இயந்திரம் இருக்காது. மூன்று தொட்டி போதும்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசல், மூன்றாவதில் குளோரின். கேனில் வரும் குளோரின் திரவம் 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி. அது 50 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 50 பங்கு. ஆனால் யாராவது வாந்தி எடுத்த இடத்தையும் அதைச் சுற்றியும் துடைக்க இந்த அளவு எதற்கும் பற்றாது. நோரோவுக்குக் குறைந்தது 1000 பி.பி.எம். வேண்டும், அதாவது அதே 10 லிட்டருக்கு 200 மில்லி. துடைத்து ஐந்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். இந்தக் கட்டியான கரைசலில் ஸ்பூனை ஊறப் போட்டுவிட்டு மறந்தால் எஃகில் ஊசிக்குத்துப் போலப் பள்ளம் விழும். அப்புறம் அந்தப் பள்ளத்துக்குள் அழுக்கு சேரும். கேனை வெயிலில் வைத்தால் சென்னை மே மாதத்தில் மருந்து வீரியம் இழந்துவிடும், வாசனை மட்டும் மிச்சம் இருக்கும்.

ஸ்பூனில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். போர் தண்ணீர்க் கடினத்தின் உப்புக் கறை அது, நோய் தராது. வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு அலசினால் போய்விடும். விரல் வைத்தால் வழுக்குகிற ஸ்பூனைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

துணியிலோ தாளிலோ சுருட்டிக் கொடுப்பது மேல் இல்லையா என்றால், எடுப்பவருக்கு வசதி: ஒரே கையில் முழு செட், வரிசை நிற்காமல் நகரும். ஆனால் சுருட்டியவரும் ஒரு மனிதர். ஈரம் காயாமல் சுருட்டினால் பிரிக்கும்போதே புழுங்கிய வாடை வரும். நல்ல தட்டுமுட்டுச் சாமான் வைத்திருக்கும் இடத்தில், காம்பு மேலாக நிற்கும் உருளைக்கே என் ஓட்டு. பிளாஸ்டிக் ஸ்பூன், முள்கரண்டி எல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. மரத்தில் செய்தது கிடைக்கிறது, ரசம் சாதத்துக்கு அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. எவர்சில்வரே போதும். நடுவில் கழுவ ஆள் இல்லாவிட்டால் 100 பேருக்கு 150 ஸ்பூன் வையுங்கள். ஐஸ்கிரீமுக்கு இன்னொன்று எடுப்பார்கள், சிலது இலையோடு குப்பைக்குப் போகும்.

இப்போது அந்தக் கரண்டிக் காம்பு. ஸ்பூனை ஒருவர் தொடுகிறார், ஒரு வேளைக்குக் கழுவப் போய்விடுகிறது. கரண்டியை அந்த வேளையில் வருகிற அத்தனை பேரும் தொடுகிறார்கள். நம்மவர்கள் கையால் சாப்பிடுவதால் இன்னொரு விசேஷம்: இரண்டாம் தடவை போட்டுக்கொள்ள வலது கை எச்சில் என்று இடது கையால் கரண்டியைப் பிடிப்போம். எச்சில் படாமல் காப்பாற்றிவிட்டோம் என்று மனசுக்குத் திருப்தி. சாப்பிடும் முன் பாதிப் பேர் வலது கையை மட்டும்தான் கழுவியிருப்பார்கள் என்பது யாருக்கும் தோன்றாது.

கரண்டி உள்ளே விழுவது இன்னொரு கேடு. பஃபேயில் வைக்கும் முழு அளவுத் தட்டம் 530-க்கு 325 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் கரண்டியை அகலவாக்கில் சாய்த்தால் விளிம்பில் நிற்காமல் வழுக்கி முழுசாகக் குழம்பில் இறங்கிவிடும். யாராவது விரல்விட்டு எடுப்பார், அல்லது பக்கத்துப் பொரியல் கரண்டியால் தோண்டி எடுப்பார். இரண்டும் கெட்டது, இரண்டாவதில் அசைவக் கரண்டி சைவத்தில் விழும் சண்டையும் சேரும். 35 சென்டிமீட்டருக்குக் குறையாத, முனையில் கொக்கி வளைந்த கரண்டி வாங்கினால் தீர்ந்தது. பாரிமுனைப் பாத்திரக் கடைகளில் அளவு சொல்லிக் கேட்டாலே எடுத்துப் போடுவார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கரண்டியை மாற்றுவது குறைந்தபட்சம். கூட்ட நேரத்தில் ஒரு மணிக்கொரு தடவை மாற்றுகிற இடம் நல்ல இடம். நோய் பரவுகிறது என்று தெரிந்தால் கப்பல்களில் முதலில் பிடுங்குவதும் இந்தக் கரண்டியைத்தான். ஊழியர் மட்டுமே எடுத்துப் போடுவார், நாம் கையைக் காட்டினால் போதும். பந்தி பரிமாறுவதற்கே திரும்பி வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடுகிறவர் செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவதுதான். கழுவிய கையோடு தட்டை எடுங்கள், வேண்டியதைப் போட்டுக்கொள்ளுங்கள், மேசையில் வையுங்கள். கரண்டிகளோடு கை கொடுத்து முடித்தாயிற்று. இப்போது மறுபடி போய்ச் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவிவிட்டு, வரும் வழியில் ஸ்பூனைக் காம்பில் பிடித்து எடுத்து வாருங்கள். முதலிலேயே ஸ்பூனை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றால், கரண்டி பிடித்த கையாலேயே அதையும் பிடிப்பீர்கள். மறுபடி போட்டுக்கொள்ளப் போகும்போது பழைய தட்டை விட்டுவிட்டுப் புதுத் தட்டு எடுங்கள். பரிமாறும் கரண்டி உங்கள் எச்சில் தட்டில் இடித்தால் அடுத்தவர் சோறு கெடும். அப்போதும் கழுவிய கையோடுதான் போக வேண்டும், வந்து இன்னொரு தடவை கழுவ வேண்டும். அலுப்பாக இருந்தால் முதல் தடவையே தயிர்சாதத்தையும் ஊறுகாயையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.