இரண்டாவது பாட்டில்

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மருந்துக்கடையில் 12 வருடம் பார்மசிஸ்டாக இருந்தேன். பிள்ளைக்குத் தொண்டை வலி என்று வருகிற பலர் கையில் சீட்டு இருக்காது. "உள்நாக்கு வளந்துருச்சு தம்பி, போன தடவ குடுத்த மருந்தே குடுங்க" என்பார்கள். உள்நாக்கு நடுவில் தொங்குவது. வீங்கியிருப்பது அதன் இரு பக்கமும் உள்ள டான்சில். சின்ன வயதில் அது பெரிதாகத்தான் இருக்கும், வளர வளரச் சுருங்கும். இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? தொடக்கத்தில் நானும் வாயை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தவன்தான்.

இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அப்பத்தாக்கள் கழுத்தில் பூசும் சுண்ணாம்பும் தேனும் போகட்டும் என்றுதான் இருந்தேன், தோல் பொத்துப்போன ஒரு பிள்ளையைப் பார்க்கும்வரை. எச்சிலையே விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ மூச்சுக்குத் திணறினாலோ, கடையில் நிற்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுவேன்.

புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் 7 வயது மகனுக்கு வந்தது வேறு. இருமல் இல்லை, திடீர்க் காய்ச்சல், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிகட்டி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி என்று டாக்டர் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் பொடி மருந்து 10 நாளைக்கு எழுதியிருந்தார். தண்ணீர் கலந்துவிட்டால் அந்த மருந்து 7 நாள்தான் தாங்கும். அதனால் ஒரு பாட்டிலைக் கொடுத்து, அடுத்ததற்கு வாங்க என்று அனுப்பினேன். வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வந்தார். "அண்ணே, பெரியவனுக்கு மூணே நாள்ல காச்சல் விட்டுருச்சு, நிறுத்திட்டேன். மிச்சத்தைச் சின்னவளுக்கு ஊத்தலாமா?"

தப்பு என்னுடையது. பாட்டிலைக் கொடுத்தேனே தவிர, ஏன் 10 நாள் என்று சொல்லவில்லை. காய்ச்சல் விட்டாலும் கிருமி மிச்சமிருக்கலாம். அப்படி விட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீங்கி, இதய வால்வு வரைக்கும் கெடுக்கிற ருமாட்டிக் காய்ச்சல் வரும். நல்லவேளை, அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிச்ச மருந்தை வாங்கிக் கொட்டினேன்.

அப்புறம் இரண்டு பாட்டிலையும் சேர்த்தே கொடுக்க ஆரம்பித்தேன், தேதி எழுதி. எட்டாம் நாள் சிலர் பிரிக்காத பாட்டிலோடு காசைத் திருப்பிக் கேட்டு வருவார்கள். வாங்கி, மூடியைத் திறந்து, கோடு வரை ஆறவைத்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.