ஜபல்பூரில் காது பழகிய நாட்கள்

1971 செப்டம்பரில் சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஏறி, இடார்சியில் வண்டி மாறி, ஜபல்பூரில் ராணுவ சிக்னல் (செய்தித் தொடர்பு) பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு வயது 19. இந்தியில் பத்துச் சொற்கள்கூடத் தெரியாது. 'பாயேன் முட்' என்று உஸ்தாத் (பயிற்றுநரை அப்படித்தான் அழைப்போம்) கட்டளையிட்டதும் வரிசை முழுவதும் இடப்பக்கம் திரும்ப, நான் மட்டும் வலப்பக்கம் திரும்பிப் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதற்குத் தண்டனை, முதுகில் பிட்டூவை (சுமைப் பையை) கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவது. முதல் மாதத்தில் நான் ஓடிய அளவுக்கு எங்கள் அணியில் வேறு யாரும் ஓடியிருக்க மாட்டார்கள்.

விடியுமுன் பியூகிள் ஒலிக்கும். எனாமல் குவளையில் தேநீர், பி.டி., அணிவகுப்பு, லங்கரில் (சாப்பாட்டுக் கூடத்தில்) சப்பாத்தியும் பருப்பும், பிறகு வகுப்புகள், மாலையில் ரோல் கால் என்று நாள் போய்விடும். இவற்றையெல்லாம் உடம்பு தானே பழகிக்கொண்டது.

என்னைக் காப்பாற்றியது, எழுத்துகளைப் புள்ளி, கோடு ஒலிகளாக அனுப்பும் மோர்ஸ் வகுப்புதான். காதில் ஹெட்போனை மாட்டியதும் இந்தி தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றாகிவிடுவார்கள். ஏனென்றால், ஊகித்து எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே பொருளற்ற ஐந்தைந்து எழுத்துகளை ஒரு சொல்லாக வைத்து அனுப்புவார்கள். தொடக்கத்தில் நான் புள்ளியையும் கோட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன். 'டிட்-டா' என்றால் ஏ, 'டா-டிட்' என்றால் என் என்று எண்ணி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகள் பறந்துவிடும். எண்ணாதே, தாளமாகக் கேள். ஓர் எழுத்து தவறிப்போனால் இடம் விட்டு மேலே எழுது, போனதைத் தேடினால் வருவதும் போய்விடும் என்று உஸ்தாத் சைகையும் சிரிப்புமாக விளக்கினார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதன்பின் நிமிடத்துக்கு 12 சொற்களைத் தடுமாறாமல் எழுதினேன். அணிவகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இரவில் என் கட்டிலருகே வந்து, கரண்டியால் தட்டச் சொல்லிப் பழகினார்கள். என் இந்தியும் அங்கேதான் வளர்ந்தது.

டிசம்பர் 3 அன்று போர் தொடங்கியது. விளக்குகளை மறைத்தோம், பாராக்கைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டினோம். எல்லை வெகு தொலைவில் இருந்தபோதிலும், இருட்டில் துப்பாக்கியுடன் காவல் நின்றபோது தொலைவு நினைவுக்கு வரவில்லை. 'தம்! கோன் ஆதா ஹை?' (நில்! யார் வருவது?) என்று அதட்டக் கற்றிருந்தேன். வருபவர் நீளமாக ஏதாவது பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதே என் பெருங்கவலை. நல்லவேளையாக, ரோந்து வந்த அவில்தார் 'தோஸ்த்' (நண்பன்) என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி வானொலியில் வந்தபோது லங்கரே அதிர்ந்தது. மறுநாள் காலை பியூகிள் வழக்கமான நேரத்துக்கே ஒலித்தது. பயிற்சி எங்களுக்கு இன்னும் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு கசம் பரேடில் உறுதிமொழி எடுத்து, எல்லைப்புற யூனிட் ஒன்றுக்கு மாற்றலானேன். முகவரியில் ஊர்ப்பெயர் எழுதக் கூடாது. யூனிட்டின் பெயரும் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலகக் குறியீடும் மட்டுமே. பக்கத்து வீட்டுப் பையனை எழுதச் சொல்லி அம்மா அனுப்பிய முதல் கடிதத்தில், அந்த ஐம்பத்தாறாம் ஊரில் குளிர் எப்படி என்று கேட்டிருந்தார்.