இறுகிய எஞ்சினும் தேய்ந்த டைமிங் செயினும்

எங்கள் பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் சென்ற மாதம் திண்டிவனத்தைத் தாண்டியதும் நெடுஞ்சாலையில் நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஒரு முறை ‘டக்’ என்று தட்டியதோடு சரி. முதலில் பார்த்தவர், “எஞ்சின் சீஸ் ஆகி இறுகிவிட்டது, வேறு எஞ்சின்தான் போட வேண்டும்” என்று கூறிவிட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை இழுத்துச் சென்றேன். அவர் கியரை நியூட்ரலில் வைத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். ஆல்டர்னேட்டரோ ஏசி கம்ப்ரஸரோ இறுகினாலும் எஞ்சினே இறுகியதுபோலத் தோன்றும் என்றார். பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அது அமுங்காது என்பதால், பிஸ்டன் மேலேற முடியாமல் நின்றுவிடும். தண்ணீர் இல்லை. அதன் பின்னரே, பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்கின் புல்லி போல்ட்டில் நீளமான கம்பியை மாட்டி மெதுவாகத் திருப்பினார். எஞ்சின் கொஞ்சம் நகர்ந்து, கெட்டியான எதிலோ முட்டி நின்றது. பின்னோக்கி எளிதாக வந்தது. பேரிங் ஒட்டியிருந்தால் இரு பக்கமும் அசைந்திருக்காது, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது, இதற்கு மேல் பலத்தைக் காட்டக் கூடாது என்று அவர் கம்பியைக் கீழே வைத்த கணத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கிராங்க்கின் சுழற்சியை வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுக்குக் கொண்டுபோவது டைமிங் செயின். அதன் கவரைத் திறந்தபோது, செயின் விலகாமல் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்து, அதன் துண்டு ஒன்று கிராங்க் பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே ஆப்பு வைத்ததுபோல இறுகியிருந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் தண்டு முழு நீளத்துக்கும் வெளியே வந்திருந்தும் செயின் தொய்ந்தே கிடந்தது. செயின் நீள்கிறது என்கிறோமே, இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஒவ்வொரு ஊசியும், அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற சிறு குழலும் மயிரிழை தேய, அத்தனை தேய்மானமும் சேர்ந்து நீளமாகிறது. புதிய செயினை அருகில் தொங்கவிட்டபோது பழையது ஏறத்தாழ அரைக் கண்ணி நீண்டிருந்தது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனரால் அந்தத் தொய்வை ஈடுகட்ட முடியாமல் போனதால்தான், பல மாதங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில வினாடிகள் கடகடவென்று சத்தம் கேட்டிருக்கிறது. அதை நான் குளிரின் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

செயின் பல் தாண்டியதில் வால்வு திறக்கும் நேரம் தவறி, பிஸ்டன் இடித்து இரண்டு வால்வுகள் வளைந்திருந்தன. வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை எடுத்த பின் கிராங்க் தடையின்றிச் சுழன்றது, பேரிங்குகள் பிழைத்துவிட்டன. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, ஆயில் வடிகட்டியில் அடைந்திருந்த பிளாஸ்டிக் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்த பிறகே அண்ணன் புதிய செயினைக் கையில் எடுத்தார்.